எந்தப் பள்ளி, யார் முடிவு?
மாற்றுத்திறன் குழந்தைகளின் பள்ளிச் சேர்க்கை பற்றிய நெடிய விவாதம்

ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் என்றோ, அறிவுசார் குறைபாடு என்றோ, செவித்திறன் குறை என்றோ மருத்துவர் எழுதிக்கொடுத்த பிறகு பெற்றோருக்கு யோசனை சொல்ல ஆள் பஞ்சம் இருப்பதில்லை. சிறப்புப் பள்ளியில் சேருங்கள், அங்கேதான் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள் என்பார் ஒருவர். பக்கத்துப் பள்ளியிலேயே விடுங்கள், மற்ற பிள்ளைகளோடு பழகித்தான் பிள்ளை தேறும் என்பார் இன்னொருவர். முதல் யோசனை 19ஆம் நூற்றாண்டு கண்ட விடை. இரண்டாவது, 1970களில் சட்டமாக வலுப்பெற்ற விடை. இரண்டுக்கும் பின்னால் நீதிமன்ற வழக்குகள், ஆணைக்குழு அறிக்கைகள், பன்னாட்டு உடன்படிக்கைகள் என்று பெரும் குவியல் இருக்கிறது.

அந்தக் குவியலைப் புரட்டினால் ஒன்று கண்ணில் படுகிறது. விவாதம் பெரும்பாலும் இடத்தைப் பற்றியே நடந்திருக்கிறது. இடத்தை முடிவு செய்வது யார், முடிவு பிழையானால் யாரிடம் போவது, முறையீடு முடியும்வரை பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கும் என்ற கேள்விகள் ஓரத்தில் நின்றுவிட்டன. இந்தியாவில் இந்த ஓரத்துக் கேள்விகள்தான் இப்போது அவசரமானவை என்று சொல்ல இடமிருக்கிறது.

தனிப்பள்ளி மரபு

இந்தியாவில் தனிப்பள்ளிகள் பெரும்பாலும் மிஷனரிகளின் கையால் உருவானவை. 1887இல் அமிர்தசரஸில் ஆனி ஷார்ப் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியை இந்த வரிசையின் முதலாவதாகச் சொல்வது வழக்கம். 1890களில் பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் சுவைன்சன் செவித்திறன் குறையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். இவர்கள் பொதுப் பள்ளியிலிருந்து பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு போனவர்கள் அல்லர். அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியே இல்லாத காலம் அது. தனிப்பள்ளி அன்று ஒதுக்கலின் அடையாளமாக இருக்கவில்லை. கல்வியின் முதல் வாசலாக இருந்தது. பின்னாளைய விமர்சகர்கள் சிலர் இந்த வரலாற்றை மறந்து பேசுகிறார்கள்.

தனிப்பள்ளியின் பலம், அரிய திறமைகள் ஒரே கூரையின் கீழ் சேர்வது. பிரெய்ல் தெரிந்த ஆசிரியர், சைகை மொழி அறிந்தவர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர் எல்லோரையும் ஒவ்வோர் ஊர்ப் பள்ளியிலும் வைப்பது எந்த அரசுக்கும் எளிதல்ல. பலவீனங்களும் தெரிந்தவையே. பள்ளி தொலைவில் இருக்கும். ஆறு வயதில் விடுதிக்குப் போக வேண்டியிருக்கும். படித்து முடித்து வெளியே வரும்போது ஊரில் ஒரு நண்பன்கூட இருக்க மாட்டான்.

இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு அமெரிக்காவிலிருந்து வந்தது. சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்கே பயிற்சி அளித்துவந்த லாயிட் டன், 1968இல் எழுதிய கட்டுரையில், லேசான அறிவுசார் குறைபாடு என்ற பெயரில் நடந்த தனி வகுப்புகளில் ஏழைகளின் பிள்ளைகளும் சிறுபான்மையினரின் பிள்ளைகளுமே அளவுக்கு மீறி நிறைந்திருக்கிறார்கள் என்று காட்டினார். கலிஃபோர்னியாவில் கறுப்பினக் குழந்தைகளை நுண்ணறிவுத் தேர்வின் அடிப்படையில் இத்தகைய வகுப்புகளுக்கு அனுப்பியதை எதிர்த்த லாரி பி. வழக்கில் 1979இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தேர்வுகளை அதற்குப் பயன்படுத்தக் கூடாது என்றது நீதிமன்றம். யாருக்குக் குறைபாடு என்ற முடிவே நடுநிலையானதாக இல்லாதபோது, அதன் மேல் கட்டிய பள்ளிச் சேர்க்கை மட்டும் எப்படி நடுநிலையாக இருக்கும் என்ற ஐயம் அப்போதிருந்து விலகவில்லை.

ஒரே வகுப்பறை என்ற கோரிக்கை

இனப் பிரிவினைப் பள்ளிகளை 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதென்ற பிறகு, அதே தர்க்கத்தை மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோர் கையில் எடுத்தார்கள். பென்சில்வேனியா வழக்கும் வாஷிங்டனின் மில்ஸ் வழக்கும் 1972க்குள் அவர்களுக்குச் சாதகமாக முடிந்தன. நிதி போதவில்லை என்பதைக் காரணம் காட்டி இந்தப் பிள்ளைகளை மட்டும் வெளியே நிறுத்த முடியாது என்று மில்ஸ் தீர்ப்பு சொன்னது. 1975இல் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. கூடியவரை கட்டுப்பாடு குறைந்த சூழலில் கல்வி, ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்தில் தனிநபர் கல்வித் திட்டம், பெற்றோர் ஒப்பாவிட்டால் விசாரணை என்று மூன்று தூண்கள் அதற்கு.

பிரிட்டனில் மேரி வார்னக் தலைமையிலான குழு 1978இல், ஐந்தில் ஒரு குழந்தைக்குப் பள்ளிப் பருவத்தில் ஏதேனும் ஒரு கட்டத்திலாவது சிறப்பு உதவி தேவைப்படலாம் என்றது. ஊனத்தின் வகையை விட்டுவிட்டுக் கல்வித் தேவையைப் பார் என்பது அதன் சாரம். இத்தாலி இன்னும் துணிந்து, 1977இல் சட்டம் இயற்றிச் சிறப்பு வகுப்புகளை மூடி, துணை ஆசிரியரைப் பொது வகுப்புக்குள் அனுப்பியது. 1994இல் ஸ்பெயினின் சலமன்காவில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, தவிர்க்க முடியாத காரணம் இருந்தாலொழிய எல்லாக் குழந்தைகளும் பொதுப் பள்ளியிலேயே படிக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். 2006இல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கை இதைச் சட்டக் கடமையாக்கியது; இந்தியா 2007 அக்டோபரில் அதை ஏற்றது. உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2016இல் ஒரு படி மேலே போய், பொது, சிறப்பு என இரண்டு கல்வி முறைகளைத் தொடர்ந்து நடத்துவதே உடன்படிக்கைக்குப் பொருந்தாது என்று விளக்கம் தந்தது.

வரிசையாகச் சொன்னால் இது வெற்றிக் கதை போலத் தோன்றும். ஆனால் அதே மேரி வார்னக் 2005இல், தன் அறிக்கை திறந்துவிட்ட பாதையைத் தானே கேள்விக்குள்ளாக்கினார். ஒரே கட்டடத்துக்குள் எல்லோரையும் அடைப்பது உள்ளடக்கம் ஆகாது. சில பிள்ளைகள், முக்கியமாக ஆட்டிசம் உள்ளவர்கள், பெரிய பொதுப் பள்ளியில் கொடுமைக்கு ஆளாகிறார்கள் என்பது அவர் வாதம். இத்தாலியிலும், துணை ஆசிரியர் பிள்ளையை வேறு அறைக்கு அழைத்துப் போய் உட்காரவைக்கும் வழக்கம் பற்றிய விமர்சனம் உண்டு. கதவைத் திறந்துவிட்டு உள்ளே ஒரு தடுப்புச் சுவரை எழுப்புவது நிர்வாகங்களுக்குக் கைவந்த கலை.

ஆய்வுகள் எவ்வளவு தூரம் உதவும்

எந்த இடத்தில் பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்பதை ஆய்வால் தீர்த்துவிடலாமே என்று தோன்றலாம். ஆனால் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேரை இங்கும் பாதிப் பேரை அங்கும் அனுப்பிச் சோதிக்க முடியாது. குறைபாடு லேசாக உள்ளவர்களும் வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகளும் பொதுப் பள்ளிக்குப் போவதற்கான வாய்ப்பு அதிகம். அங்கே காணும் முன்னேற்றம் பள்ளியால் வந்ததா, பிள்ளையோடு வந்ததா என்று பிரித்தறிவது கடினம். 2022இல் கேம்ப்பெல் கூட்டமைப்பு வெளியிட்ட முறைசார் திறனாய்வு, சராசரியாகப் பார்த்தால் கற்றலிலோ மனநலத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை என்றும், பிள்ளைக்குப் பிள்ளை விளைவு மாறக்கூடும் என்றும் கூறியது. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் செல்வ நாடுகளைச் சேர்ந்தவை. நாற்பது பேர் உட்காரும் வகுப்புக்கு அவற்றை அப்படியே பொருத்திப் பார்ப்பது சரியாகாது.

ஆகவே உள்ளடக்கிய கல்வியை ஆதரிப்பவர்கள் மதிப்பெண்ணைக் காட்டி வாதாடுவதைவிட உரிமையைக் காட்டி வாதாடுவதே நேர்மையானது.

செவித்திறன் குறையுள்ளோரின் மறுப்பு

பொது வகுப்பறை என்ற கோரிக்கைக்கு மிகக் கூர்மையான மறுப்பு, மாற்றுத்திறனாளிகளிலேயே ஒரு பிரிவினரிடமிருந்து வருகிறது. 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, சைகை மொழியை ஒதுக்கிப் பேச்சு முறையை மட்டும் கற்பிக்கத் தீர்மானித்தது. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. செவித்திறன் குறையுள்ள குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். வீட்டில் சைகை மொழி கிடையாது. நாற்பது பேர் பேசும் வகுப்பில் ஒற்றைப் பிள்ளையாக உட்கார்ந்தால் அங்கும் கிடையாது. அவர்களுக்கு மொழி கிடைப்பதே தம்மைப் போன்றவர்கள் சேர்ந்திருக்கும் பள்ளியில்தான் என்கிறது இந்தத் தரப்பு. ஐ.நா. உடன்படிக்கையும் சைகை மொழியை வளர்ப்பதையும் அந்தச் சமூகத்தின் மொழி அடையாளத்தைப் பேணுவதையும் அரசின் கடமையாகச் சொல்கிறது.

எதிர்த் தரப்பும் வலுவற்றதல்ல. சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா போன்றவை, மிகச் சிறு வயதிலேயே கேட்புக் கருவி பொருத்திப் பேச்சுப் பயிற்சி தந்து பொதுப் பள்ளிக்கு அனுப்பும் வழியைக் காட்டியிருக்கின்றன. உள்காதுக் கருவிகள் வந்தபின் இந்த வழி இன்னும் பலருக்குத் திறந்திருக்கிறது. இரண்டு வழிகளுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு: ஆரம்ப ஆண்டுகளைத் தவறவிடக் கூடாது. இந்தியக் கல்விச் சட்டங்கள் உரிமையைக் கணக்கிடத் தொடங்குவதோ ஆறு வயதில்.

இந்தியச் சட்டத்தின் விடைகள்

1974இல் மத்திய அரசு ஒருங்கிணைந்த கல்விக்கெனத் தனித் திட்டம் கொண்டுவந்தது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, குறைபாடு லேசானவர்களுக்குப் பொதுப் பள்ளி, தீவிரமானவர்களுக்கு மாவட்டத் தலைநகரில் விடுதியோடு சிறப்புப் பள்ளி என்று பாகம் பிரித்தது. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் இரண்டையும் ஊக்குவிக்கச் சொன்னது.

இன்று நடைமுறையில் உள்ளவை முக்கியமாக இரண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பொருந்தும். 2012 திருத்தத்தால் மாற்றுத்திறன் குழந்தைகள் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினராக அதில் சேர்க்கப்பட்டார்கள். தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடங்களுக்கு அவர்களும் உரியவர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதன் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளியோ அங்கீகாரம் மட்டும் பெற்ற தனியார் பள்ளியோ, பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், தக்க வசதி செய்துதர வேண்டும், கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிய வேண்டும், முன்னேற்றத்தைக் கண்காணிக்க வேண்டும் என்கிறது. 31ஆம் பிரிவு, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு சான்றளிக்கப்பட்ட 6 முதல் 18 வயதுக் குழந்தைக்கு, அருகமைப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது.

இந்த இரண்டு பிரிவுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இலவசக் கல்விக்கு 40 சதவீதச் சான்று தேவை. பாகுபாடின்றிச் சேர்ப்பதற்கும் தக்க வசதிக்கும் அந்த வரம்பு சொல்லப்படவில்லை. ஆனால் பள்ளி அலுவலகத்தில் எதைக் கேட்டாலும் முதலில் வரும் பதில், சான்றிதழ் எங்கே, அடையாள அட்டை எங்கே என்பதுதான். டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாட்டுக்கு அரசு வழிகாட்டுதல்படி எட்டு வயதுக்குப் பிறகே சான்று. ஒன்றாம் வகுப்பிலேயே எழுத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளை, காகிதத்தின் கண்ணில் மூன்றாம் வகுப்பு வரை குறைபாடு இல்லாத பிள்ளை.

விருப்பம் உண்டு, வழி இல்லை

அமெரிக்கச் சட்டத்தையும் இந்தியச் சட்டத்தையும் அருகருகே வைத்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. அமெரிக்காவில் பெற்றோருக்குப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நேரடியாக இல்லை. பெற்றோரும் ஆசிரியர்களும் உள்ள குழு கூடித்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அந்த முடிவுக்கு எழுத்து வடிவம் உண்டு. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பேச்சுப் பயிற்சி, யார் தருவார், ஆண்டு இறுதிக்குள் என்ன இலக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒப்பாவிட்டால் விசாரணை அதிகாரி. வழக்கு முடியும்வரை பிள்ளை இருக்கும் இடத்திலேயே இருக்கும்; பள்ளி அதை நகர்த்த முடியாது.

இந்தியாவில் சட்டம் விருப்பத்தைத் தாராளமாகத் தருகிறது. அந்த விருப்பத்தை எந்தக் குழு முன் சொல்வது, எத்தனை நாளில் பதில் வர வேண்டும், எழுதித் தந்த திட்டம் பள்ளியைக் கட்டுப்படுத்துமா என்று சட்டத்தில் தேடினால் அகப்படுவது கொஞ்சமே. 2017ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி, சேர்க்கை, வசதிகள் பற்றிய விவகாரங்களுக்காக மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஒரு பொறுப்பு அலுவலர் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம். சாட்சிகளை அழைப்பதில் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. ஆனால் அவர் முடிவில் தருவது பரிந்துரை. சம்பந்தப்பட்ட அதிகார அமைப்பு மூன்று மாதத்துக்குள் செயல்பட வேண்டும், அல்லது ஏற்காத காரணத்தைச் சொல்ல வேண்டும். ஒரு கல்வியாண்டில் மூன்று மாதம் சிறு காலமல்ல. அதற்குள் பிள்ளை வேறு பள்ளிக்குப் போயிருக்கும், அல்லது வீட்டில் இருக்கும்.

நடைமுறையில் பள்ளிகள் நேரடியாக மறுப்பது குறைவு. எங்களிடம் வசதி இல்லை, உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறோம், நீங்களே டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று மென்மையாக நகரும். சேர்த்துக்கொண்டாலும் பிள்ளையோடு உட்கார 'ஷேடோ டீச்சர்' ஒருவரைப் பெற்றோர் செலவிலேயே வைக்கச் சொல்வதுண்டு. எட்டாம் வகுப்பு வரை வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஒன்பதாம் வகுப்பு நெருங்கும்போது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தை மனத்தில் வைத்து, தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் எழுதட்டுமே என்ற ஆலோசனை வரத் தொடங்குகிறது. சில பிள்ளைகளுக்கு அந்த வழி உண்மையிலேயே நல்லது. ஆனால் அது ஆலோசனையா வெளியேற்றமா என்று கேட்டுத் தீர்க்கும் மேடை இல்லாதபோது, இரண்டும் பதிவேட்டில் ஒன்றாகவே தெரியும்.

அமெரிக்க முறை அப்படியே இறக்குமதிக்கு உரியது என்பதல்ல இதன் பொருள். 1982இல் ரௌலி வழக்கில், செவித்திறன் குறையுள்ள சிறுமிக்கு வகுப்பில் சைகை மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவள் வகுப்புக்கு வகுப்பு தேறி வருகிறாள் என்பதே மறுப்புக்குக் காரணமாயிற்று. பிள்ளையின் நிலைக்கு ஏற்ற முன்னேற்றத்தை இலக்காக்கும் திட்டம் வேண்டும் என்ற உயர்ந்த அளவுகோல் 2017இல் எண்ட்ரூ வழக்கில்தான் கிடைத்தது. 2005 தீர்ப்பொன்று, வழக்குத் தொடுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்றது. தொடுப்பவர் பெரும்பாலும் பெற்றோர். கூடுதல் செலவில் 40 சதவீதம் வரை கூட்டாட்சி அரசு தரும் என்ற 1975ஆம் ஆண்டு இலக்கு ஒருநாளும் எட்டப்படவில்லை. வழக்கறிஞரை அமர்த்த முடிந்தவர்களுக்கே அந்த நடைமுறை நன்றாக வேலை செய்கிறது என்ற குறை அங்கே பழையது.

வீடு என்ற மூன்றாம் இடம்

2012 திருத்தம், தீவிரக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் தந்தது. அசைய முடியாத பிள்ளைக்கு இது கருணை. ஆனால் சாய்தளமும் ஊர்தியும் உதவியாளரும் இருந்தால் பள்ளிக்கு வரக்கூடிய பிள்ளைக்கும் இதுவே எளிய வழியாகிவிடும் ஆபத்து உண்டு. பெயர் ஊர்ப் பள்ளியின் பதிவேட்டில் இருக்கும். சிறப்புப் பயிற்றுநர் அவ்வப்போது வந்துபோவார். கணக்கில் அது கல்வி. பள்ளிக்குப் போவதால் தாய்க்குக் கிடைக்கும் ஐந்தாறு மணி நேரம், பிள்ளைக்குக் கிடைக்கும் ஒரு தோழி போன்றவை எந்தக் கணக்கிலும் வராது.

ஆசிரியர் எங்கே?

எந்த இடம் என்ற விவாதம் எல்லாமே கடைசியில் வந்து முட்டும் சுவர் இது. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்கப் பள்ளியில் 10 மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று இடைக்கால விகிதம் வகுத்தது. 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம், பணியிடங்களை முறையாக அறிவித்து நிரப்புமாறு மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புக்கு வந்திருக்கும்.

தமிழ்நாட்டில் வட்டார வள மையங்களைச் சேர்ந்த சிறப்புப் பயிற்றுநர்கள் பள்ளி பள்ளியாகச் சுற்றிவருகிறார்கள். நீண்ட காலமாகத் தொகுப்பூதியத்தில் பணிபுரிபவர்கள் பலர். அவர்கள் பள்ளிக் கல்வித் துறையின் திட்டத்தில் வருபவர்கள். அரசுச் சிறப்புப் பள்ளிகளோ மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் கீழ். ஒரு பிள்ளை சிறப்புப் பள்ளியிலிருந்து பொதுப் பள்ளிக்கு மாறும்போது ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறது. அதுவரை கற்பித்தவரின் அறிவு கூடவே மாறுவதில்லை. சிறப்புப் பள்ளிகளை மூடாமல், சுற்றுவட்டாரப் பொதுப் பள்ளிகளுக்கு உதவும் வள மையங்களாக மாற்றலாம் என்ற யோசனை பல நாடுகளில் பேசப்படுகிறது. கேட்க நியாயமாக இருக்கிறது; ஆனால் இங்கே இரண்டு துறைகள் ஒரு மேசைக்கு வந்தாக வேண்டும்.

தீராத கேள்விகள்

பொதுப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்ற பழைய கேள்விக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை என்பதை இன்று இரு தரப்பினரில் பலரும் ஒப்புக்கொள்ளக்கூடும். ஒப்புக்கொள்ளாதவை வேறு. இரண்டு முறைகளையும் தேர்வுக்கு வைக்கும் இந்தியச் சட்டம், இரண்டு முறைகள் கூடாது என்னும் ஐ.நா. குழுவின் விளக்கத்தோடு ஒத்துப்போகுமா என்பது ஒன்று. பொதுப் பள்ளியில் ஆசிரியரே இல்லாதபோது பெற்றோர் சிறப்புப் பள்ளியைக் கேட்டால், அதை விருப்பம் என்று எண்ணுவது சரியா என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது. சட்டம் குழந்தையின் விருப்பம் என்கிறது. நடைமுறையில் பேசுவது பெற்றோர். பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று சொல்லித் தாய் வேறொன்று சொன்னால் யார் சொல்வது நிற்கும் என்பதற்கு விதியில் தெளிவில்லை.

எழுத்திலான கல்வித் திட்டமும் கால வரம்புள்ள முறையீடும் இங்கே வந்தால், வழக்கறிஞரைத் தேடிப் போக முடியாத கிராமத்துப் பெற்றோருக்கு அது உதவுமா, இன்னொரு படிவமாகிவிடுமா என்பதையும் முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆணையரின் பரிந்துரை வரும்வரை பிள்ளையை இடம் மாற்றக் கூடாது என்ற ஒற்றை விதியைச் சேர்ப்பது இவற்றில் மிகக் குறைந்த செலவு பிடிப்பது. அதைத் தள்ளிப்போட வலுவான காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து யுனெஸ்கோ 2019இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் 19 வயது வரை சுமார் 78 லட்சம் மாற்றுத்திறன் குழந்தைகள் இருப்பதாகவும், அவர்களில் 5 முதல் 19 வயதுக்குள் உள்ளோரில் நான்கில் ஒருவர் எந்தக் கல்வி நிலையத்துக்கும் போகவில்லை என்றும் காட்டியது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பள்ளிக் குழந்தைகளிடையே கணக்கெடுக்கச் சொல்கிறது. அந்தக் கணக்கெடுப்பு குறைபாட்டின் வகையை எண்ணுவதோடு நின்றுவிடாமல், எந்தப் பிள்ளை எந்தப் பள்ளியில் சேர்ந்தது, எந்த வகுப்பில் வெளியேறியது, வெளியேறச் சொன்னது யார் என்பதையும் பதிவு செய்யுமா என்பது இன்னும் முடிவாகாத செய்தி.